ஜெல்லி தடவிய நாக்கும் ஆயுத பூஜை சாம்பாரும்

வாய் எரிகிறது என்று சொல்கிறவனை இந்த உலகத்தில் யாரும் நம்புவதில்லை. காய்ச்சல்காரனுக்குத் தொட்டுப் பார்க்க நெற்றி இருக்கிறது. கால் உடைந்தவனுக்கு மாவுக்கட்டு இருக்கிறது, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். வாய் எரிகிறவன் எதைக் காட்டுவான்? நாக்கை நீட்டினால் அது எல்லார் நாக்கையும் போலச் சிவப்பாக, ஈரமாக, வெட்கமில்லாமல் நன்றாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று சொல்லாத டாக்டரை அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் ஒரே ஒருவரைத் தவிர நான் பார்க்கவில்லை. நல்லாத்தான் இருக்கு டாக்டர், எரியுது, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு இந்த வியாதி வந்தது. புண் கிடையாது, கொப்புளம் கிடையாது. காலையில் எழுந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. பல் விளக்கிக் கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனியில் லேசாக ஆரம்பிக்கும். மத்தியானத்துக்குள் உதடு, மேலண்ணம் என்று பரவி, சாயங்காலம் வீடு திரும்பும்போது கொதிக்கிற காப்பியை அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டது போல இருக்கும். மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும் இதே. வாரம் போய் மாதம் வந்தது. எரிச்சல் மட்டும் ஷிப்டு தவறாமல் வேலைக்கு வந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கள்ளிக்குப்பத்தில் வரிசையாகக் குடித்தனங்கள் இருக்கிற ஒரு காம்பவுண்டில் நானும் மல்லிகாவும் குடியிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத வியாதிக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு காரணம் வேண்டுமே! குழாயடியில் கூடி விசாரித்து, மல்லிகாவின் மிளகாய்த்தூள்தான் காரணம் என்று ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். (மேல்முறையீடு கிடையாது. தண்ணீர் நின்றதும் கோர்ட்டும் கலைந்துவிடும்.)

மல்லிகாவுக்கு வந்ததே கோபம். "எங்க அம்மா ஊட்ல அத்தினி பேரும் என் கையால துன்னாங்க. ஒருத்தருக்கும் நாக்கு வேவல. உங்க நாக்குதான் ஓட்ட நாக்கு" என்றாள். அன்றோடு சமையலில் மிளகாயை நிறுத்தினாள். குழம்பு வெள்ளை, பொரியல் வெள்ளை, ரசம் என்று ஒரு வெள்ளை. எரிச்சல் மட்டும் குறையவில்லை. "பாத்தீங்களா, என் சமையல் இல்ல" என்று அவள் காம்பவுண்டு முழுக்க நிரூபிக்க நினைத்தாள். "ஏற்கெனவே போட்ட காரம் உள்ள ஊறிப் போயிருக்கும்" என்று குழாயடி பதில் சொல்லிவிட்டது.

அடுத்து மருந்துகள். எல்லாமே மேலே தடவுகிற மருந்துகள். எரிகிற இடத்தில் எதையாவது தடவாவிட்டால் நம் ஜனங்களுக்கு மனசு ஆறாது. கடைத்தெருக் கம்பவுண்டர் ஒருவர் பஞ்சில் தோய்த்துக் கத்திரிப்பூக் கலரில் ஒரு மருந்து தடவினார். எரிச்சல் இருந்த இடத்தில் இருந்தது, உதடு மட்டும் கலர் மாறியது. கம்பெனியில் கேட்டவர்களிடம் நாவற்பழம் சாப்பிட்டேன் என்றேன். நாவற்பழமே கிடைக்காத மாதத்தில் வாரக்கணக்கில் நாவற்பழம் தின்ற ஒரே ஆள் நான்தான்.

பிறகு மல்லிகாவின் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. அந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு மாடிப்படி ஏறி இறங்கினால் தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்த்த மாதிரி. கீழ் வீடு திருநெல்வேலி, எதிர் வீடு கோயம்புத்தூர், மேல் வீடு வேலூர், அதற்குப் பக்கத்தில் தஞ்சாவூர். நான் வாயைத் திறந்தேனோ இல்லையோ, நாலு ஜில்லாவும் கிண்ணத்தோடு வந்து நின்றன. திருநெல்வேலி மாசிக்காய் உரைத்துக் கொண்டுவந்தது. வேலூர் வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்திருந்தது. கோயம்புத்தூர் கொப்பரைத் தேங்காயை மென்று அப்படியே அடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னது. தஞ்சாவூர் வெண்ணெய்.

ஏதாவது ஒன்றைத் தடவிக்கொண்டு தப்பிக்கலாம் என்று பார்த்தேன். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "ஒருத்தருத தடவிக்கினு இன்னொருத்தருத வாணான்னா, நாளைக்கு நான் இங்க குடித்தனம் பண்ண வாணாமா?" என்று கேட்டாள். நியாயம்தான். ஒரே பிற்பகலில் நாலு ஜில்லாவையும் வாங்கிக்கொண்டேன். மாசிக்காயின் துவர்ப்பில் வாய் சுருங்கி, விசில் அடிப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாத நிலைக்கு வந்தது. பேச முடியாததால் எரிகிறது என்று சொல்ல முடியவில்லை. சொல்லாததால் சரியாகிவிட்டது என்று முடிவுசெய்து, நாலு வீட்டுக்காரர்களும் நம்ம மருந்துதான் கேட்டது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.

கடைசியாக ஆவடியில் புதிதாகப் போர்டு மாட்டியிருந்த ஒரு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், புத்தகமெல்லாம் வைத்துக்கொண்டு படிக்கிற ஆள். வாயைப் பார்த்துவிட்டு, "இது நரம்பு எரிச்சல் சார். வெளியில ஒண்ணும் தெரியாது. ஆனா எரியும். நான் நம்பறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாதத்தில் என்னை நம்பிய முதல் மனிதர். அந்த நிமிஷம் அவர் என் பல் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் சந்தோஷமாக வாயைத் திறந்திருப்பேன்.

அவர் முதலில் சொன்ன வைத்தியம்: மிளகாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது. "வெளிநாட்டுல பண்ணிப் பாக்கறாங்க. எரிஞ்சு எரிஞ்சு நரம்பு ஓஞ்சுபோயிடுமாம். ஒரு டம்ளர் தண்ணிக்குத் துளிதான் போடணும், ஒரு சிட்டிகைகூட வேணாம்." வெளிநாட்டு மிளகாய் எப்படியோ தெரியாது. நான் வீட்டில் இருந்த குண்டூர் மிளகாய்த்தூளை, சீக்கிரம் குணமாகட்டுமே என்று, ஸ்பூனால் போட்டுக் கலக்கினேன். அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர். காம்பவுண்டு ஜனங்கள் பார்த்தார்கள். குழாயடியில் வரிசையாக வைத்திருந்த குடங்களில் ஒன்றுக்குள் என் தலை இருந்ததாகச் சொல்கிறார்கள். "இப்ப மட்டும் யாரு காரம் போட்டா?" என்று மல்லிகா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது.

இரண்டாவது வைத்தியம்தான் இந்தக் கதையின் வில்லன். ஒரு சின்ன டியூப். உள்ளே கண்ணாடி மாதிரி ஜெல்லி. தடவினால் அந்த இடம் மரத்துப்போகும். "பட்டாணி அளவு போதும். அரை மணி நேரம் தாங்கும். முக்கியமா, சாப்பிடறதுக்கு முன்னாடி போடாதீங்க. சூடு, காரம், உப்பு எதுவும் தெரியாது, வாய் வெந்தாலும் தெரியாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கம்பெனியில் பாதுகாப்பு வாரத்தில் மைக்கில் சொல்வதை எப்படிக் கேட்பேனோ அப்படிக் கேட்டுக்கொண்டேன். தலையை நன்றாக ஆட்டினேன்.

ஜெல்லியைத் தடவிய முதல் நாள் சொர்க்கம் தெரிந்தது. எரியவில்லை! நாக்கே இல்லாத மாதிரி இருந்தது, ஆனால் எரியவில்லை. டியூபைச் சட்டைப் பையில் பேனாவோடு சொருகி வைத்துக்கொண்டேன்.

இப்போது கம்பெனிக்கு வருவோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி. நான் அங்கே இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, உருப்படியை கேஜ் வைத்து அளந்து பார்த்து, தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் சிவப்புப் பெயின்ட் வைத்து ரிஜெக்ட் என்று தூக்கிப் போடுகிற இன்ஸ்பெக்டர். எனக்கு அதில் அசாத்தியத் திமிர். மெஷின்காரர்கள் என்னைத் திட்டுவதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். இப்படிப்பட்ட கறாரான ஆள் சாப்பாட்டையும் பார்த்தால் நல்லது என்று கேன்டீன் கமிட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தினமும் மத்தியானம் அண்டா திறந்ததும் முதல் கரண்டி எனக்கு. நான் ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் பரிமாறுவார்கள்.

வாய் எரிச்சல் வந்ததும் யோக்கியனாக இருந்தால் விலகியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வியாதி என்று தெரிந்தால் அண்டா பக்கமே விடமாட்டார்கள். என் இடத்துக்குத் துரைக்கண்ணு வேறு காத்துக்கொண்டிருந்தான். அவனும் கமிட்டியில் இருந்தான், ஆனால் வாழைக்காய் வாங்குவது மாதிரி கரண்டி இல்லாத பதவி. அதனால் ரகசியமாகவே வைத்துக்கொண்டேன். சாம்பாரை நாக்கில் படாமல் உதட்டோரம் வைத்து, வாசனையையும் சமையல்காரர் முகத்தையும் பார்த்து, ஒரு மாதிரி குத்துமதிப்பாகத் தலையாட்டி மாதங்களை ஓட்டினேன். கேஜே இல்லாமல் இன்ஸ்பெக்‌ஷன் செய்த ஒரே ஆளும் நான்தான்.

சமையல்காரர் பெயர் ஏகாம்பரம். ஆள் பெரிய சைஸ், பேச்சு அதைவிடப் பெரிய சைஸ். "என் சாம்பார் வாசனைய புட்சிக்கினே பாடி ஸ்டாப்பிங்லேர்ந்து கண்ண மூடிக்கினு வந்துரலாம் சார்" என்பார். சமையல் நிஜமாகவே நன்றாக இருக்கும். ஆனால் பல வருஷமாக டெம்பரரி. அவருடைய மாமனார் திருவள்ளூரில் இருந்தார். வேலை பர்மனென்ட் ஆகும்வரை பெண்ணை அனுப்பமாட்டேன் என்று மகளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், சொந்தப் பெண்டாட்டியை விருந்தாளி மாதிரி பார்த்துவிட்டு வருவார். எவ்வளவு பெரிய ஆள், திங்கட்கிழமை காலையில் மட்டும் பாதியாக இருப்பார்.

அந்த வருஷம் புதிதாக ஒரு ஜி.எம். வந்தார். கேன்டீனைக் கான்ட்ராக்டுக்கு விடலாமா, ஏகாம்பரத்தையே பர்மனென்ட் செய்யலாமா என்று பேச்சு வந்தபோது, "ஆயுத பூஜை அன்னைக்கு ஃபேமிலியோட வந்து சாப்பிடறேன். அதுக்கப்புறம் சொல்றேன்" என்றார். ஏகாம்பரம் நேரே மாங்காட்டுக்குப் போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். வேண்டுதல் என்னவென்றால், பூஜை அன்று பந்தி முழுக்கச் சாப்பிட்டு எழுந்திருக்கிறவரை பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது.

"அப்ப உப்பு காரம் யாரு பாக்கறது?" என்று கேட்டேன்.

"நீ இன்னாத்துக்கு கீற சார்? உன் நாக்க நம்பித்தான் சார் வேண்டிக்கினேன்" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேனா? "கவலையே படாதீங்க" என்றேன்.

ஆயுத பூஜை அன்று எஸ்டேட் முழுக்கத் திருவிழா. மெஷின்களை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டியிருந்தோம். என் கேஜுக்கெல்லாம்கூடப் பொட்டு வைத்திருந்தேன். குடும்பங்கள் வேனில் வந்து இறங்கின. மல்லிகா பட்டுப் புடவையில் வந்தாள். ஜி.எம். மனைவி, இரண்டு குழந்தைகளோடு வந்தார்.

பதற்றத்தில் எனக்கு அன்று காலையிலேயே சாயங்கால அளவுக்கு எரிந்தது. இன்றைக்கு உதட்டோர வித்தையெல்லாம் நடக்காது, ஏகாம்பரத்தின் வாழ்க்கை என் நாக்கில் இருக்கிறது, ஒழுங்காக ருசி பார்க்க வேண்டும், வலியில்லாமல் இருந்தால்தானே ஒழுங்காகப் பார்க்க முடியும்? இப்படி யோசித்தேன். இந்த அறிவை எங்கே கொண்டுபோய் வைப்பது? சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் டியூபை எடுத்தேன். பட்டாணி அளவு என்றுதான் டாக்டர் சொன்னார். நான் நாக்கு, உதடு, அண்ணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் பட்டாணிச் சுண்டல் அளவுக்குத் தடவினேன். ஐந்து நிமிஷத்தில் என் வாய் என்னை விட்டுப் போய்விட்டது.

படையல் முடிந்து கற்பூரம் காட்டினார்கள். ஏகாம்பரம் குளித்து விபூதி பூசி, காய்ந்த உதட்டோடு கரண்டியை நீட்டினார். உதவியாட்கள் இலை போடப் போயிருந்தார்கள். அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"சாமி துன்னுடுச்சி சார். அடுத்தது நீதான்."

வாயில் விட்டேன். வேறு யாருடைய வாயிலோ வெந்நீர் போகிற மாதிரி இருந்தது. இவ்வளவு வருஷ அனுபவத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஜெல்லி தடவியிருக்கிறோமே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயல் ஜி.எம்முக்குப் பயந்து காரத்தைக் குறைத்துவிட்டான் என்று தோன்றியது. உள்ளே இருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றான். சிவப்புப் பெயின்ட் கையில் இல்லாததுதான் குறை.

"என்ன ஏகாம்பரம், காரமே இல்லையே" என்றேன். வாய் குழறியது.

"இன்னா சார் சொல்ற? எப்பவும் போட்ற அளவுதான் சார். இன்னா பேச்சு கொழகொழன்னு கீது?"

"வெத்தலை. நீங்க மிளகாய்த்தூளைப் போடுங்க."

போட்டார். கொதிக்கவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடி வெந்நீர். "இன்னும்" என்றேன். போட்டார். அதோடு விட்டேனா? ரசத்துக்கு மிளகு போதவில்லை என்றேன். உருளைக்கிழங்குப் பொரியலைப் பார்த்து, "இது என்ன, ஆஸ்பத்திரி சாப்பாடா?" என்று கேட்டேன். மூன்றாம் முறை சாம்பாருக்குத் தூள் டப்பாவைக் கவிழ்க்கும்போது ஏகாம்பரம் தயங்கினார்.

"சார், வேணாம் சார். ஆவிக்கே கண்ணு எரிது சார்."

"அது வெங்காயம்."

"வெங்காயம் எப்பவோ வெந்துடுச்சி சார்."

"ஏகாம்பரம், உங்களுக்கு பர்மனென்ட் வேணுமா வேணாமா?"

அந்தப் பெரிய மனிதர் கண்ணை மூடி, மாங்காடு இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, டப்பாவைக் கவிழ்த்தார். நான் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "இப்பத்தான் சுமாரா இருக்கு" என்று தலையாட்டினேன்.

பந்தி ஆரம்பித்தது. நடுவில் ஜி.எம். குடும்பம், எதிர்வரிசையில் அதிகாரிகள், சுற்றிலும் தொழிலாளர்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஜி.எம். சாம்பாரைப் பிசைந்து, நல்ல பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டார். போட்டவர் அப்படியே உறைந்துவிட்டார். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. காது முதலில் சிவந்தது.

இங்கே நம் மரியாதை உள்ளே வந்தது. பெரியவர் எழுந்திருக்காமல் பந்தியில் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளர்கள் சாப்பிடும்போது தான் எழுந்தால் அவமரியாதை என்று ஜி.எம். உட்கார்ந்திருந்தார். ஆக, நூற்றுக்கணக்கான பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அழுதபடியே சாப்பிட்டார்கள். பேச்சே இல்லை. இருமல் மட்டும் ஒரு கோடியில் ஆரம்பித்து வரிசையாக இலை இலையாக நகர்ந்து மறுகோடிக்குப் போனது. காரத்துக்கு மாற்றாக ரசம் கேட்டவர்கள் இரண்டாவது தடவை செத்தார்கள். பேச முடியாமல் ஜி.எம். வேண்டாம் என்று கையை ஆட்ட, பரிமாறுகிறவன் அதைப் போடு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினான். கம்பெனியை நடத்தும் மனிதர், அதையும் பிசைந்தார்.

நான் என்ன செய்தேன்? எல்லோரும் வாய் பேசாமல் சாப்பிடுகிறார்களே, அவ்வளவு ருசி போலிருக்கிறது என்று பூரித்து, ஜி.எம்முக்கு நேர் எதிரே காலியாக இருந்த இலையில் உட்கார்ந்து, சாம்பாரை ஊற்றிக்கொண்டு பிளந்துகட்டினேன். அரை மணி நேரம் தாங்கும் ஜெல்லி சுண்டல் அளவுக்கு இருந்ததால் இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. மறுசோறும் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் சாம்பார் விடுப்பா" என்றபோது அதிகாரிகள் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

கடைசியில் மரியாதை தெரியாத ஒரு ஜீவன்தான் எல்லோரையும் காப்பாற்றியது. ஜி.எம்மின் சின்னக் குழந்தை, "அம்மா, வாயி!" என்று அலறி இலையைத் தள்ளிவிட்டு ஓடியது. அவ்வளவுதான், மொத்தப் பந்தியும் எழுந்தது. குழாய்த் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்து சூடாக வந்தது. பாயசம் சூடு, அதைக் குடித்தவர்கள் குதித்தார்கள். மோர் முதல் நிமிஷத்திலேயே தீர்ந்தது. பூஜைப் பொரியை வாயில் அடைத்துக்கொண்டார்கள். லேத் மெஷினுக்குப் படைத்திருந்த வாழைப்பழத்தைக்கூட உரித்துத் தின்றார்கள்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் ஜி.எம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமைச்சது யாரு?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் வந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை. இவர் சொல்லித்தான் போட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து, "நான்தான் சார்" என்றார். திருவள்ளூர் ரயில் அவர் கண்ணுக்குள் ஓடியதை நான் பார்த்தேன். நாக்கைத் தவிர எனக்கு எல்லாம் வலித்தது.

நான் முன்னால் போய், "அவர் மேல தப்பில்லை சார், நான்தான் ருசி பார்த்தேன், காரம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்ல வந்தேன். மரத்த வாயிலிருந்து அது ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்த சத்தமாக வந்தது. ஜி.எம். ஒரு அடி பின்னால் போனார். துரைக்கண்ணு அந்தச் சமயத்தைத் தவறவிடவில்லை.

"சார், போனஸ் பேச்சுவார்த்தை நடக்கற நேரம், வேணும்னே காரத்த கொட்டச் சொல்லிக்கீறாங்க போல. இவரு மட்டும் ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாரு. ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. எனுக்கு இன்னாவோ சந்தேகமா கீது சார்" என்றான்.

"குடிச்சிருக்கீங்களா?" என்று ஜி.எம். என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்ல, சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து மல்லிகா வந்தாள். கண் சிவந்து, பட்டுப் புடவை முன்பக்கமெல்லாம் தண்ணீர். மாதக்கணக்கில் வெள்ளைச் சமையல் சாப்பிட்டுவிட்டு நேரே இந்தச் சாம்பாரில் விழுந்தவள். என் சட்டைப் பைக்குள் கைவிட்டு டியூபை எடுத்தாள். அது பாதிக்கு மேல் சப்பையாகியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"குடிலாம் கெடையாது சார். இவருக்கு ரொம்ப நாளா வாய் எரிச்சல். வெளிய சொல்ல வெக்கம். இத்த தடவிக்கினா நாக்கு மரத்துப் பூடும், ஒண்ணும் தெரியாது. தடவிக்கினு வந்து ருசி பாத்துக்கீறாரு. அந்த அண்ணன் பாவம் சார், அவரு ஊட்டுக்காரம்மா திருவள்ளூர்ல காத்துக்கினு கீது. அவுர ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள். பிறகு மொத்தக் கூட்டத்தின் பக்கமும் திரும்பி, "எரிச்சலு என் சமையலால வந்துது இல்ல. அதயும் எல்லாரும் கேட்டுக்குங்க!" என்றாள். காம்பவுண்டில் கிடைக்காத மேல்முறையீட்டைக் கம்பெனியில் நடத்தி முடித்துவிட்டாள்.

ஜி.எம். டியூபை வாங்கி, மேலே எழுதியிருந்ததைப் படித்தார். எனக்கு வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "இது, எரிச்சலுக்குக் கேக்குமா?"

மல்லிகா தலையாட்டினாள். ஜி.எம். பட்டாணி அளவு எடுத்துத் தடவிக்கொண்டார். முகம் தெளிந்தது. டியூபை அக்கவுன்ட்ஸ் மேனேஜரிடம் நீட்டினார். அவர் தடவிக்கொண்டு பர்ச்சேஸ் ஆபீசரிடம் நீட்டினார். பிரசாதம் வாங்குகிற மாதிரி அதிகாரிகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். டியூப் தீர்ந்ததும் வரிசையில் கடைசியாக நின்ற துரைக்கண்ணு அதைப் பிளந்து வழித்துப் பார்த்தான். பிறகு ஜி.எம். மைக்கைப் பிடித்து ஆயுத பூஜை உரை நிகழ்த்தினார். என்னைப் போலவே பேசினார். உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று சொன்னதாகத்தான் எல்லோரும் நம்புகிறோம், நன்றாகக் கைதட்டினோம்.

எனக்குத் தண்டனை வேனில் கிடைத்தது. எஸ்டேட்டை விட்டு வேன் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் என் ஜெல்லி தீர்ந்தது. அத்தனை பேரும் சேர்ந்து அனுபவித்ததை, மறுசோறு உட்பட, நான் தனியாக ஒரே தவணையில் அனுபவித்தேன். கூடவே என் பழைய எரிச்சலும் வந்து சேர்ந்துகொண்டது. நாக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கள்ளிக்குப்பம் வரை போனேன். சைக்கிளில் போனவர்கள் எனக்குப் பதிலுக்கு நாக்கை நீட்டிவிட்டுப் போனார்கள். வேனில் இருந்த எல்லோருக்கும் அதற்குள் எரிச்சல் அடங்கிவிட்டதால் நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடிந்தது. "மச்சான், காரம் பத்துமா?" என்று துரைக்கண்ணு பின் சீட்டிலிருந்து விசாரித்தான். மல்லிகா என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஜி.எம். முன்னறிவிப்பில்லாமல் கேன்டீனுக்கு வந்தார். நான் என் இடத்தை விட்டு அசையக்கூடாது என்று முதலில் உத்தரவு வந்தது. அன்று ஏகாம்பரம் தானே ருசி பார்த்துச் சமைத்த சாம்பாரை ஜி.எம். பயந்து பயந்து தொட்டு, பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். ஏகாம்பரம் பர்மனென்ட் ஆனார். திருவள்ளூரிலிருந்து மனைவி வந்து இறங்கிய அன்று என்னைத் தேடி அழைத்துக்கொண்டு வந்தார். "இவருதான் அந்த சாரு" என்றார். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டது, ஆனால் சிரிப்பை அடக்க வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான் கும்பிட்டது. கரண்டி துரைக்கண்ணுவுக்குப் போயிற்று.

வாய் எரிச்சல் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் போல இருந்தது. பிறகு வந்த மாதிரியே சொல்லாமல் போய்விட்டது. எந்த மருந்துக்கும் அந்தப் பெருமை சேராது. (குவார்ட்டர்ஸில் அந்த நாலு ஜில்லாக்காரர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.) இன்று என் நாக்கு பழுதில்லாத நாக்கு. காப்பியில் சர்க்கரை அரை ஸ்பூன் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆனால் என்ன பிரயோஜனம்? வீட்டில் நான் "நல்லா இருக்கு" என்று சொன்னால், பிள்ளைகள் முதலில் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார்கள். மருமகன் கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவருக்கும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. மோர்க்குழம்பை நான் பிரமாதம் என்றதும், மரியாதைக்குச் சிரித்துவிட்டு, மோரைத் தனியாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மல்லிகாவின் கதை இன்னும் மோசம். காம்பவுண்டே அவள் சமையலைப் பழித்த காலத்திலும் அவள் கையை விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதை இப்போதாவது அவளிடம் சொல்லலாம் என்று, போன ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மனதாரச் சொன்னேன். உன் கைக்கு ஈடு கிடையாது என்றேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் சிரித்தாள்.